காற்றுக்கதவுக்குப் பின்னால்

சுரங்க வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அவள் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. குடையைக் கதவோரம் சாத்திவிட்டு லாம்ப் ரூமுக்குள் நுழைந்தாள். நீளமான அறை. இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளில் தலைவிளக்குகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஈர ரப்பரும் பேட்டரித் திராவகமும் கலந்த புளித்த வாடை. அது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவனின் சட்டைக் காலரில் முகர்ந்து பழகிய வாடைதான்.

கணவன் நெஞ்சு கெட்டுப்போய் இறந்தான். அதற்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று அவளுக்குக் கொடுத்த வேலை இது. அண்ணன்தான் அங்கேயும் இங்கேயும் அலைந்து வாங்கித் தந்தான். அண்ணனுக்கும் இங்கேதான் வேலை. சுரங்கத்துக்குள் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளப்பவன். கணவன் போனபிறகு அவள் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவன்தான் வந்து நிற்பான். நாற்பது வயதுத் தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

லாம்ப் ரூம் பொறுப்பாளருக்குப் பேட்டரி என்று பட்டப்பெயர். காது மந்தம், வாய் மட்டும் ஓயாது. விளக்குக் கண்ணாடியைப் பொண்டாட்டி முகம் மாதிரி பளிச்சென்று வைத்திருக்க வேண்டும், இரண்டில் எது மங்கினாலும் ஆம்பளைக்கு வழி தெரியாது என்று ஆரம்பித்தவர், எதிரே நிற்பது யார் என்பது உறைத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் போனபிறகு யாரும் அவளிடம் வேடிக்கையாகப் பேசியதில்லை.

கீழே இறங்கப்போகிறவர்கள் விளக்கு வாங்க வரிசையில் நின்றார்கள். காவலாளி ஒவ்வொருவர் பாக்கெட்டையும் தடவினார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். காலுறையைக்கூட அழுத்திப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டாள்.

“தீப்பெட்டி, பீடி, லைட்டர்,” என்றார் பேட்டரி. “கீழ வாயு நிக்குதும்மா. ஒரு குச்சி உரசினா போதும், அத்தனை பேரும் ஒண்ணா மேல போயிடுவோம். லிஃப்டே தேவைப்படாது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் கையிலிருந்த விளக்கை மெதுவாகத் தட்டின்மேல் வைத்தாள்.

நெஞ்சு கெட்டதற்குச் சிகரெட்தான் காரணம் என்று கம்பெனி டாக்டர் சொன்னபோது அவள் நம்பவில்லை. கணவன் உதட்டில் ஒருநாளும் புகை வாடை அடித்ததில்லை. அப்போது அண்ணன்தான் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “வீட்டுக்குத் தெரியாம கீழ வச்சு ஊதுறான் பாப்பா. நானே என் கண்ணால பார்த்தேன்.”

அண்ணன் சொன்னதால் நம்பினாள். படுத்த படுக்கையாகிவிட்டவனின் தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். ஊதுறப்போ இனிச்சுதா என்று குத்திக் காட்டினாள். மறுத்துப் பேச மூச்சில்லாமல் அவன் கையை மட்டும் ஆட்டுவான். அதற்கு, போதும் விடு என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

கீழே யாரும் ஊத முடியாது.

மத்தியானம் பேட்டரி சாப்பிடப் போனார். மழை விட்டிருந்தது. அறையில் அவளும் விளக்குகளும்தான். கடைசித் தட்டில் கையளவுப் பெட்டிகள் சில இருந்தன. அவற்றுக்குத் தூசிப்பெட்டி என்று பெயர். இடுப்பில் மாட்டினால் குழாய் காலர் வரை வரும். வேலை செய்பவன் இழுக்கும் அதே காற்றை இதுவும் இழுக்கும். குழாய் நுனியில் ஒரு சின்ன மூடிக்குள் வெள்ளைத் தாள்வட்டம். அதில் படிகிற தூசியைத்தான் அண்ணன் அளப்பான்.

துடைக்கலாம் என்று துணியோடு போனவள் நின்றாள்.

ஏதோ ஒரு பெட்டி மூச்சு விட்டது.

இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு சாவித் துவாரத்தில் காற்று நுழைவதுபோல நீளமாக ஒரு விசில்.

அந்த மூச்சுக்குப் பக்கத்தில் அவள் வருஷக்கணக்காகப் படுத்திருக்கிறாள். எந்த இழுப்புக்குப் பிறகு அவனை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், எந்த விசிலுக்கு நெஞ்சில் தைலம் தேய்க்க வேண்டும் என்பது தூக்கத்திலும் அவளுக்குத் தெரியும். பெட்டியின் சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. மூடியைத் திறந்தாள். அன்று காலை அவள் கையாலேயே வைத்த புதுத் தாள்வட்டம்.

மையாகக் கறுத்திருந்தது.

தைலம் மணத்தது.

பின்னால் கதவு திறந்த சத்தம். அண்ணன் உள்ளே வந்தான். மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது, யாரோ ஒளிந்துகொண்டு மூச்சை அடக்குவதுபோல. மோட்டார் பழசு பாப்பா, அப்பப்ப இப்படித்தான் மக்கர் பண்ணும் என்று சொல்லிக் கறுத்த தாளை அவள் கையிலிருந்து வாங்கிக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். எந்தப் பெட்டி, என்ன சத்தம் என்று அவள் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் மேலே வந்தான். கணவனின் தம்பி. செத்துப்போன தன் அண்ணன் வெட்டிய அதே கடைசி வெட்டுமுகத்தில் இப்போது கரி வெட்டுபவன். விளக்கைக் கொடுக்கும்போது இருமினான். அவள் அந்த இருமலைத் தலை சாய்த்துக் கேட்டாள். அதன் அடியில் விசில் பிறக்க இன்னும் நாளிருக்கிறது. ஆனால் பிறக்கும்.

ஷிஃப்டில் தூசிப்பெட்டி எங்கே இருக்கும் தம்பி என்று கேட்டாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

“காத்துக்கதவுக்குப் பின்னாடி, ஆணியில தொங்கும் அண்ணி. மேலேருந்து சுத்தக் காத்து வர்ற வழி அது. கீழ இறங்கினதும் அளக்க வர்ற மச்சான் எல்லார்கிட்டயும் வாங்கி அங்க மாட்டிடுவார். கிளம்புறப்போ திருப்பித் தருவார்.”

“உங்க அண்ணனுக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். அளவு கூடினா வெட்டுமுகத்தை மூடிருவாங்க, பொழப்பு போயிடும்னு மச்சான் சொன்னார். நாங்களும் கொடுத்தோம்.” தொப்பியைக் கையில் சுழற்றினான். “அண்ணிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவளுக்கு அவ அண்ணன்னா உசுருன்னு எங்க அண்ணன்தான் எங்க வாயைக் கட்டினார்.”

சுரங்கம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் வீட்டுக்குள் மட்டும் நுழையவில்லை. செத்தவன்கூட அவளிடம் சொல்லாமல்தான் செத்திருக்கிறான்.

மறுநாள் அந்த வெட்டுமுகத்தில் தூசி அளக்கும் நாள். அளவு கூடினால், தண்ணீர் பீய்ச்சும் குழாய் போடும் வரை அங்கே ஆள் இறங்கக் கூடாது. குறைந்தால் கொழுந்தன் அதே புழுதியில் தொடர வேண்டியதுதான். காலையில் பெட்டிகளை எடுக்க வந்த அண்ணனை அவள் கதவருகே மறித்தாள். அழவில்லை, கத்தவில்லை. கீழே தீக்குச்சியே போக முடியாதாமே என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. மேலிடத்தில் நெருக்கினார்கள், மறுத்தால் வேறு ஒருவன் வந்து இதையேதான் செய்வான், உன் புருஷன் போன துக்கத்தில் நான் எத்தனை நாள் தூங்கவில்லை தெரியுமா என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“செத்தவருக்கு நியாயம் கேக்கலண்ணா. இருக்கிறவனை விட்டுடு. இன்னிக்கு ஒருநாள் பெட்டி அவன் சட்டையிலேயே இருக்கட்டும்.”

அண்ணன் அவள் தலையில் கை வைத்தான். “உன்மேல சத்தியமா பாப்பா.”

அந்தக் கை சூடாக இருந்தது. அவள் மறுபடியும் நம்பினாள்.

அன்று முழுக்கத் தட்டுகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விளக்குகளைத் துடைத்தாள், வயர்களைச் சுருட்டினாள். பேட்டரி சொன்ன ஜோக்குக்குக்கூடச் சிரித்து வைத்தாள். ஷிஃப்ட் முடிந்து லிஃப்ட் மேலே வந்தது. முதலில் அண்ணன் வேகமாக வந்து, பெட்டியின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

தாள்வட்டம் வெள்ளையாக இருந்தது. பால் மாதிரி.

“பாத்தியா? நீதான் வீணா பயந்த. அங்க அவ்வளவா தூசியே இல்ல.”

அவனுக்குப் பின்னால் கொழுந்தன் வந்து நின்றான். கண் இமை தவிர முகம் முழுக்கக் கரி. இருமி, வாயை மூடிய உள்ளங்கையில் கறுப்புச் சளி. அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

“கேட்டார் அண்ணி,” என்றான் தாழ்ந்த குரலில். “பழக்கத்துல கழட்டிக் கொடுத்துட்டேன்.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவள் தலையில் வைத்த அந்தக் கையால் அவன் மூடியை மூடிக்கொண்டிருந்தான். ஒரு விரலில்கூடக் கரி இல்லை.

கொழுந்தன் அந்தப் பெட்டியை அவனிடமிருந்து பிடுங்கினான். தாள்வட்டத்தை உருவித் தரையில் போட்டு மிதித்தான். பெட்டியைத் தன் இடுப்பிலேயே மறுபடி மாட்டி, குழாயைக் காலரில் குத்திக்கொண்டான். “இதை மறுபடி அளங்க மச்சான். நாளைக்கு இறங்குறப்போ இது என்மேலதான் இருக்கும். ஏறுறப்போவும் என்மேலதான் இருக்கும்.”

அண்ணன் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை.

வேறொன்று வந்தது.

இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நிறுத்தம். நீளமாக ஒரு விசில்.

அவள் முதலில் பெட்டியைப் பார்த்தாள். அணைந்திருந்தது. கொழுந்தன் பதறித் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, தானில்லை என்று தலையசைத்தான். காது மந்தமான பேட்டரிகூட விளக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“லிஃப்டிலேருந்து ஓடி வந்தேன்,” என்றான் அண்ணன். நெற்றி வியர்த்திருந்தது. “மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.”

“அப்படின்னா கொஞ்சம் அடக்கிக் காட்டுண்ணா,” என்றாள் அவள்.

அண்ணன் உதடுகளை இறுக மூடினான். விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சு அசையாமல் நின்றது.

விசில் நிற்கவில்லை.