முறுக்கு நம்பர்

செஞ்சிக் கடைத்தெருவில் எந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலும் அதைத் தங்கராசுதான் எழுதியிருப்பார். சோடாக் கடைக்கு அவர் வரைந்த புட்டியைப் பார்த்தால் தாகம் எடுக்கும். மூட்டைப்பூச்சி மருந்துக்கு அவர் வரைந்த பூச்சியைப் பார்த்தால் உடம்பெல்லாம் அரிக்கும். அப்படி ஒரு கை அவருக்கு!

அவருடைய மகள் பூவாயி ஐந்தாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து நைனாவின் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவித் தருவாள்.

ஒரு நாள் வேர்க்கடலை மண்டி முதலாளி அரங்கநாதன் பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். நாலு பேர் தள்ளினால்தான் அது கிளம்பும். கிளம்பிவிட்டாலோ, லேசில் நிற்காது! முதலாளிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் ஒரு காலண்டரைத் தூக்கிக்கொண்டு தங்கராசுவிடம் வந்தார்.

"தங்கராசு, இந்தப் படத்தப் பாரு. அந்தக் காலத்து ராஜா கார். அதுல நம்பர் எப்பிடி சுழி சுழியா இருக்குது பாத்தியா? என் காருக்கும் அதே மாதிரி எழுதணும். வல்லத்துல என் மச்சான் ஒரு ஜீப் வாங்கி வச்சிக்கினு இன்னா ஆட்டம் ஆடறான் தெரியுமா? அவன் வாயப் பொளக்கணும்!"

"பொளக்க வச்சிடலாம் மொதலாளி!" என்றார் தங்கராசு.

காரின் முன்பக்கப் பலகையை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் வால் முளைத்தது. வாலிலிருந்து கொடி கிளம்பியது. கொடியில் தங்க நிறப் பூக்கள் பூத்தன. இரண்டு பக்கமும் இரண்டு பச்சைக்கிளிகள் வந்து உட்கார்ந்தன. கிட்டே விரலை நீட்டவே பூவாயிக்குப் பயம், கொத்திவிட்டால்?

கடைசியில் ஒரு மூலையில் சின்னதாக 'தங்கராசு, செஞ்சி' என்று எழுதினார். இத்தனை வருடத்தில் அவர் தன் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. பூவாயி அதை முப்பது முறையாவது படித்திருப்பாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காருக்குத் தேங்காய் உடைத்தார்கள். தங்கராசுவும் பூவாயியும் மண்டி ஆட்களோடு சேர்ந்து தள்ளினார்கள். கார் இருமிக்கொண்டே கிளம்பியது. எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

கடைத்தெரு முனையில் ஏட்டு தாண்டவராயன் கையைக் காட்டினார். கார் அவரைத் தாண்டிப் போய், ஒரு கடலை மூட்டையில் முட்டித்தான் நின்றது.

ஏட்டு மூட்டையை நகர்த்திவிட்டுக் குனிந்து பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இன்னா மொதலாளி?"

"நம்பர்தான். தெரியல?"

"எனக்குக் கிளிதான் தெரியுது. கார் நம்பருக்கு ரூல் இருக்குதுங்க. கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்து. சுழி கூடாது, படம் கூடாது, பேரு கூடாது. தூரத்துல நிக்கிறவங்களும் பாத்த ஒடனே படிக்கணும். நாளைக்கு மோட்டார் இன்ஸ்பெக்டர் வர்றாரு. இதோட பாத்தா வண்டியை நிறுத்திடுவாரு."

"நான் கழட்ட மாட்டேன்! கண்ணு இருக்கிறவன் படிப்பான்!" என்று முதலாளி குதித்தார்.

ஏட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். "இத எழுதினவன் யாருன்னு இன்ஸ்பெக்டர் கேக்கவே வேணாம். மூலையில பேரே போட்டிருக்குது!"

தங்கராசுவின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ரூல் தெரியாதுங்க ஏட்டய்யா. கடைப் பலகைதான் எழுதிப் பழக்கம்" என்றார்.

பூவாயிக்கு அழுகை முட்டியது. நைனா திட்டு வாங்கக் கூடாது. அந்தக் கிளிகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இந்த முதலாளியோ பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை! என்ன செய்யலாம்?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதலாளி, கண்ணு இருக்கிறவங்க படிப்பாங்கன்னு சொன்னீங்க இல்ல? படிக்கச் சொல்லிப் பாக்கலாமா?"

"தாராளமா!"

தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த மூன்று பேரை அவள் கூப்பிட்டாள். எல்லாரும் அவளுடைய வகுப்புதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஐம்பது தப்படி தள்ளி அவர்களை நிறுத்தினாள்.

"கார் நம்பரப் படிங்க!"

சாந்தி கண்ணை இடுக்கினாள். "மொதல்ல வாத்து. இல்ல இல்ல, ரெண்டு. அப்புறம் மூணா, எட்டா?"

"ஒம்பது! எல்லாமே ஒம்பது!" என்று கத்தினான் பச்சைமுத்து.

விநாயகம் காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது. "முறுக்கு ஒண்ணு, ஜிலேபி ஒண்ணு. நடுவுல இன்னான்னு தெரியல, ஆனா திங்கலாம்!" என்றான்.

கடைத்தெருவே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "நான் படிக்கிறேன் பாரு. ரெண்டாயிரத்து முந்நூத்தி எண்பத்தஞ்சு!"

"அது ஒங்க காரு. ஒங்களுக்கு மனப்பாடம்" என்றாள் பூவாயி. "யாராச்சும் இதத் திருடிக்கினு போனா, பாத்தவங்க ஏட்டய்யாகிட்ட இன்னான்னு சொல்லுவாங்க? முறுக்கு, ஜிலேபின்னா?"

"அப்புறம் நான் மிட்டாய்க் கடைக்காரரத்தான் புடிக்கணும்!" என்றார் ஏட்டு.

திருட்டு என்றதும் முதலாளி ஆடிப்போய்விட்டார். காரை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சரி தங்கராசு. சுரண்டிடு."

தங்கராசு கத்தியை எடுத்தார். கிளியின் வாலில் வைத்தார்.

"சுரண்டாத நைனா!" பூவாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருகாணியைக் கழட்டினாப் போதுமே! பலகை இன்னா தப்பு பண்ணுச்சு? மாட்டின எடம்தான் தப்பு. மண்டி வாசல்ல மாட்டுங்க மொதலாளி."

"அப்ப என் மச்சான்? வல்லத்துக்குப் போய் அவன்கிட்ட காட்டணுமே!"

"கார்ல இருந்தா நீங்க அங்க போறப்ப மட்டும்தான் பாப்பாரு. மண்டியில இருந்தா, அவரு செஞ்சிக்கு வர்றப்பல்லாம் பாத்துத்தான் ஆகணும்!"

முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அடி என் சமத்து!"

அன்று சாயங்காலமே தங்கராசு புதுப் பலகை எழுதிவிட்டார். கறுப்பில் வெள்ளை, நேர் நேரான எழுத்து. விநாயகம் நூறு தப்படி தூரத்தில் நின்று தப்பில்லாமல் படித்தான். மறுநாள் இன்ஸ்பெக்டர் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

கிளிப் பலகை மண்டி வாசலுக்கு ஏறியது. கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் நின்று நின்று பார்த்தார்கள். வல்லத்து மச்சானும் வந்தார். ஜீப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். வாய் நன்றாகவே பிளந்தது!

நாலு நாள் கழித்து ஏட்டு தாண்டவராயன் தங்கராசு வீட்டுக்கு வந்தார். தலையில் தொப்பி இல்லை. வேட்டி கட்டியிருந்தார். ஏனோ வெட்கப்பட்டார்.

"தங்கராசு, என் வூட்டுக் கதவு நம்பர் பன்னெண்டு. அதுக்கு ரூல் ஒண்ணும் கெடையாது. அந்த ரெண்டு கிளி மாதிரி..." என்று இழுத்தார்.

தங்கராசு உடனே பிரஷைக் கையில் எடுத்தார். பூவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"கிளி எத்தினி வேணும்னாலும் போடறோம் ஏட்டய்யா. ஆனா பன்னெண்டு மட்டும் நேராத்தான் இருக்கும். தபால்காரர் படிக்க வேணாமா?"