வெறும் எண்ணெய்

குளித்துவிட்டு வந்து காலைத் துடைத்தபோதுதான் தங்கை கவனித்தாள்: கணுக்காலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு. போன வாரமும் இருந்தது. எங்கேயோ உரசியிருக்கும் என்று தேய்த்துத் தேய்த்து அழித்திருந்தாள். இப்போது அதே இடத்தில், இன்னும் அழுத்தமாக, அளவெடுத்துப் போட்டதுபோல.

அக்காவும் அவளும் இரட்டையர். சில நிமிடம் முந்திப் பிறந்ததை வைத்தே ஆயுசு முழுக்க அதிகாரம் பண்ணியவள் அக்கா. ஹார்மோன் குறையக் குறைய மூளை எப்படி மூப்படைகிறது என்று எலிகளை வைத்து ஆராய்ந்தது அக்கா. அந்த எலிகளுக்கு ஊசி போட்டதும், கடைசியில் மூளையை எடுத்து மெல்லிசாகச் சீவியதும் தங்கை. ஓய்வுபெற்ற பிறகும் ஒரே வீடுதான்.

"வயசாச்சுன்னா அது வத்திப்போயிடும்டி. நாமளே ஏத்திக்கணும்" என்று வாராவாரம் அக்கா இருவருக்கும் ஊசி போட்டாள். அக்கா தேறினாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர்களைக்கூட வரிசையாக ஒப்பித்தாள். தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்காரி பெயரே தொண்டையோடு நின்றுவிடும்.

"எனக்கு மட்டும் ஏன்க்கா மருந்து கேக்கல?"

"கேக்கும். கொஞ்சம் பொறு."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

பொழுது சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் கூடம் முழுக்க நீண்டு கிடக்க, அக்காவின் அறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும், கதவிடுக்கு வழியே மூக்கை அரிக்கும் பழகிய ஏதோ ஒரு நெடியும் வந்துகொண்டிருக்க, தண்ணீர் எடுக்கத் தங்கை ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு மருந்துக் குப்பிகள். ஒன்றின் மூடியில் கறுப்புக் கோடு.

எத்தனை எலிகளின் வாலில் அவளே போட்ட கோடு அது! கோடில்லாத எலிக்கு நல்லெண்ணெயில் கரைத்த ஹார்மோன். கோடு போட்டதற்கு வெறும் நல்லெண்ணெய். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வளர்ப்பது.

"பார்த்துட்டியா?" பின்னால் அக்கா நின்றாள்.

"எனக்கு வெறும் எண்ணெயாக்கா போட்டே?"

"சொல்லியிருந்தா நீயா எதையாவது கற்பனை பண்ணிக்குவே. அப்புறம் அது சோதனையாடி?"

"நான் உன் தங்கச்சிக்கா!"

"அதனாலதான். ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்தவ எனக்கு வேற எங்க கிடைப்பா?"

பெயர் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது முதுகைத் தடவி ஆறுதல் சொன்னவள் இவள்தானே. பாவி. கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது... எப்ப முடியும்?"

"முடிஞ்சுது."

இப்போது நெடி புரிந்தது. எடுத்த மூளையைக் கெடாமல் ஊறப்போடும் ஃபார்மலின்.

வாசலுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. சாவி. எங்கே வைப்போம்? தினமும் எடுப்பதுதான். ஆணியிலா? மேசையிலா? வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அக்கா அவசரப்படவில்லை. வெந்நீரில் பிழிந்த துண்டோடு வந்தாள்.

"பயப்படாத. பயந்தா வேற ஒரு பாழாப்போன ஹார்மோன் எகிறும். மூளை கெட்டுடும். நீதானே சொல்லுவே?"

துண்டைத் தோளில் சுற்றினாள். இதமான சூடு. பிடரியில் இரண்டு விரல், மேலிருந்து கீழே, மெதுவாக. எப்பேர்ப்பட்ட எலியும் அடங்கிவிடும். அந்தத் தடவலை அக்காவுக்குக் கற்றுக்கொடுத்ததே தங்கைதான்.

கத்த வாய் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது.

அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் ரப்பர் விரிப்பு. கீழே வாளி. விளக்கடியில், எலிகளுக்காக அவள் சாணை பிடித்து வைத்த பழைய கத்தி.

விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன. அவள் நெஞ்சின் படபடப்பு, அவளைக் கேட்காமலே, அடங்கிக்கொண்டு வந்தது.