தொண்ணூற்றொன்பது களங்கள்

பரோயே தீவில், கடலுக்கு நேர் மேலே நானூறு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு ஸ்டனிஸ்லாஸ் கேட்ட முதல் கேள்வி, தரையின் சமன் பார்க்கும் ரசமட்டத்தை எந்தப் பையில் வைத்தாய் என்பதுதான்.

அவர் மனைவி அமலி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறை விளிம்பில் சிவந்த மூக்குள்ள குட்டைப் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே அட்லாண்டிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் புவியியல் நடத்துகிறவள் அவள். வரைபடத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும் இந்தத் தீவை எத்தனையோ பிள்ளைகளுக்குக் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். நேரில் வந்து பார்க்கக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதற்குள்ளும் ரசமட்டம்.

"நீலப் பையில இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்களேன்," என்றாள்.

மனுஷன் சும்மா நிற்கவில்லை. நேரம் முக்கால் மணிதான், அடுத்த ஜோடி சரிவில் டோக்கனோடு காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நிலைக்கூட்டை விரிக்க ஆரம்பித்தார்.

நிலைக்கூடு வருவதற்கு முன்னால் இறகுப்பந்து நாலு சுவருக்குள் முடங்கிக் கிடந்த ஆட்டம். பந்தின் எடையே ஐந்து கிராம். மின்விசிறி சுற்றினாலே வழி மாறிப் போய்விடும். கூடு வந்ததும் அந்தக் கவலை ஒழிந்தது. விரிதளத்தைப் பாய் மாதிரி உருட்டிவிட்டால், அதன் கால்கள் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் தாமே சமனாகிக்கொள்ளும். நாலு மூலைக் கம்பிகளிலிருந்து ஒரு திரை எழும்பிக் காற்றை வெளியே நிறுத்திவிடும். உள்ளே வெப்பமும் ஈரமும் சொன்ன அளவில் நிற்கும். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் கூட்டின் கண்ணே பார்த்துச் சொல்லிவிடும்.

பிறகு கேட்க வேண்டுமா? உலகமே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. எரிமலை விளிம்பு, பனியாறு, பாழடைந்த சுரங்கம், ஓடும் கப்பலின் மேல்தளம் என்று ஓர் இடத்தை விட்டுவைக்கவில்லை. பொலிவியாவின் உப்பு வெளியில் ஐம்பது கூடுகள் நெருக்கியடித்து நின்றதைப் பார்த்தபோது அமலிக்கு ஊர்க் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட கையோடு எத்தனை களம் என்றும் விசாரித்தார்கள். நூறு வெவ்வேறு இடங்களில் ஆடி முடித்தவர்களுக்கு உலகக் களப் பதிவகம் 'நூறுகளத்தார்' என்று பட்டம் கொடுத்தது.

அந்தப் பட்டத்துக்காகத்தான் ஸ்டனிஸ் பதினோரு வருட விடுமுறைகளையும் தின்று தீர்த்திருந்தார். துறைமுக எடைமேடையில் அதிகாரி அவர். மாவட்டப் போட்டிகளில் கோட்டு நடுவராகவும் இருந்தவர். அவர்கள் கல்யாணமே ஒரு கோட்டுச் சண்டையில் தொடங்கியதுதான். முப்பது வருடத்துக்கு முன் மாவட்ட இறுதி ஆட்டத்தில் அமலி அடித்த கடைசிப் பந்தை 'அவுட்டு' என்றவர் இவர்தான். அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாளே தவிர, கோட்டின் மேல் விழுந்தால் உள்ளேதான் என்று சொல்லி அந்தத் தீர்ப்பை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கூடு வாங்கிய அன்றே அவர் அதைச் சங்குமுகத் தெரு இறகுப்பந்து மன்றத்துக்குத் தூக்கிப்போய், அவர்கள் தினமும் காலையில் ஆடும் கூடத்தின் அளவுகளை ஒன்று விடாமல் அதில் ஏற்றிவிட்டார். வெப்பம், ஈரம், வெளிச்சம், தரையின் துள்ளல், எதிரொலி, சுவரின் கரும்பச்சை எல்லாம் அதே அளவு. பந்து வெள்ளை நிறம். பின்னால் கரும்பச்சை இருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். தராசை மாற்றிக்கொண்டே இருந்தால் எடையை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி.

இதனால்தான் அமலி பனியாற்றுக்குப் போய்ப் பச்சைச் சுவரைப் பார்த்தாள். எரிமலைக்குப் போயும் பச்சைச் சுவரைப் பார்த்தாள். கூட்டில் சன்னல் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரை விலகி வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். மற்ற ஜோடிகள் அதைத் திறந்துவைத்து, பந்து எங்கேயோ பறக்க, சிரித்துப் புரண்டு ஆடுவார்கள். ஸ்டனிஸ் அதைத் தொடவே விட்டதில்லை. அது ஆட்டமில்லை, கூத்து என்பார்.

இந்தத் தடவை அவள் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டாள். வலது முழங்காலுக்கு அடுத்த வாரம் அறுவை. அதற்குப் பிறகு குதிக்கவோ பாயவோ கூடாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியாயிற்று. இதுவே அவளுடைய கடைசி ஆட்டம். ஒரே ஒரு தடவை கையில் மட்டையோடு நின்று கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். பார்க்கலாம் என்றார் அவர். 'பார்க்கலாம்' என்றால் அவர் அகராதியில் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

திரை எழும்பியது. கடல் இரைச்சல் அப்படியே அறுந்தது. பறவைகள் இருந்த இடத்தில் பச்சைச் சுவர் வந்தது.

"சன்னலு?" என்றாள்.

"நூறாவது களம் அமலி. இதுல போயி பிழை வரலாமா? முடிச்சிட்டுத் திறப்போம்."

எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்திலேயே ஆடி, பதினொன்றுக்கு எட்டு என்று அவரைத் தோற்கடித்தாள். முழங்கால் நெருப்பாக எரிந்தது. ஸ்டனிஸ் தோற்றதைப் பற்றிக் கவலைப்படாமல் இடமானியிடம் ஓடினார். ஆடிய இடத்தைப் பதிவகத்துக்குச் சொல்லும் சின்னப் பெட்டி அது. ஆட்டம் முடிந்ததும் மணியடித்து எண்ணைக் காட்டும்.

இந்த வருடம் அதன் விதி மாறியிருந்தது. வீட்டு மாடியில் ஆடிவிட்டு வடதுருவம் என்று இடமானியை ஏமாற்றியவர்கள் ஏராளம். ஆகவே நூறாவது பதிவின்போது பழைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். எங்கே நின்றோம் என்பதை வைத்து அல்ல, களத்துக்குள் பதிவான காற்றையும் ஒளியையும் ஓசையையும் தரையையும் வைத்து. நின்ற இடத்தைப் பற்றிப் பொய் சொல்லலாம், இழுத்த மூச்சைப் பற்றிச் சொல்ல முடியாது என்றது பதிவகம். திருட்டுப் பயல்கள் மாட்டட்டும் என்று ஸ்டனிஸ் அதற்குப் பாராட்டுக் கடிதமே எழுதியிருந்தார்.

மணி அடிக்கவில்லை. இடமானி வெகுநேரம் யோசித்தது. பிறகு மரியாதையான குரலில் வாசித்தது.

"சோதனை முடிந்தது. ஆட்டங்கள் நூறு. வெளியூர்க் களங்கள் எதுவும் இல்லை. எல்லா ஆட்டமும் ஒரே இடம்: சங்குமுகத் தெரு இறகுப்பந்து மன்றம், தூத்துக்குடி."

ஸ்டனிஸ் பெட்டியைத் தட்டினார். கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். விமானச் சீட்டுகளையும், பனியாற்றில் மூக்கு சிவந்து நின்ற படத்தையும் காட்டினார். அவை களத்துக்கு வெளியே நடந்தவை, கணக்கில் வராது என்றது பெட்டி. சன்னலைத் திறந்துவைத்துக் கூத்தடித்த ஜோடிகளுக்கெல்லாம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கத்தினார். அவர்கள் களங்களில் காற்று இருந்தது என்று பதில் வந்தது.

அமலிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசமா நம்ம தெருவுல வெளையாடவா என்னைய உலகம் பூரா இழுத்துட்டு அலைஞ்சிய? இதுக்குக் காலையில செருப்ப மாட்டிட்டு நடந்தே போயிருக்கலாம்லா?"

அவர் விமானச் சீட்டுகளை மடித்துப் பையில் வைத்தார். முக்கால் மணியில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அவள் எழுந்து, காலை இழுத்துக்கொண்டே போய்ச் சன்னல் பொத்தானை அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

பச்சைச் சுவர் கரைந்தது. கடலும் வானமும் பறவைக் கூச்சலும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. காற்றில் அவள் தலைமுடி அவிழ்ந்தது. வலை படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் ஆடாமல் அப்படியே நின்று பார்த்தாள். பிறகுதான் பந்தைத் தட்டிப் போட்டாள். அது வலையைத் தாண்டியதும் நினைப்பை மாற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, ஸ்டனிஸின் மட்டைக்கு எட்டாமல், பாறையைத் தாண்டிக் கடலுக்குப் போனது.

இடமானி மணியடித்தது. "புதிய இடம் பதிவாயிற்று. மொத்தக் களங்கள் இரண்டு. வாழ்த்துகள்."

ஸ்டனிஸின் முகம் மெல்ல வெளிச்சமானது. அந்த வெளிச்சம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வெளிச்சம்.

"அப்போ இன்னும் தொண்ணூத்தெட்டுதான்," என்றார். "உங்காலுக்கு எப்படியும் ஒரு வருசம் வேணும். அதுக்குள்ள நான் பட்டியல் போட்டு..."

அமலி பந்துகள் வைக்கும் குழலைக் கவிழ்த்தாள். ஒரே ஒரு பந்து மிச்சம் இருந்தது. இந்தப் பட்டியலும் பட்டமும் இதோடு தொலையட்டும் என்று, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, அவர் தலைக்கு மேலே கடலைப் பார்த்து அடித்தாள். ஒரு வருடம் அல்ல, இனி எந்த வருடமும் அடிக்க முடியாத அடி. பந்து பாறையைத் தாண்டி மேலே போனது. கடலிலிருந்து ஏறிவந்த காற்று அதைத் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் பறவைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்து, பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து ஸ்டனிஸின் காலடியில், பின்கோட்டின் மேல் போட்டது.

இருவரும் கூட்டின் கண்ணைப் பார்த்தார்கள். சன்னல் திறந்திருந்தால் அதற்குக் கண் தெரியாது. ஆடுகிறவர்களே முடிவு செய்யலாம் என்றது இடமானி.

ஸ்டனிஸ் குனிந்தார். மண்டியிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, பந்தையும் கோட்டையும் நெடுநேரம் பார்த்தார்.

"அவுட்டு," என்றார்.