தூக்குவாளியில் வண்டல்

கூழ் வைத்திருந்த தூக்குவாளியில் கூழ் அப்படியே இருந்தது. குறைந்திருந்தது இன்னொரு வாளியில்.

ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்தபடி நின்றாள் ஷீபா. அவள் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த ஜோடி வாளிகள் அவை. ஒன்றில், நைட் ஷிஃப்ட் முடித்து வரும் வில்சனுக்காக மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். மற்றதில் ஏரியின் அடியிலிருந்து அவள் அள்ளி வந்து, மெல்லிய சல்லடையில் சலித்த வண்டல். அவள் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்தில் ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டது. வண்டலுக்குள் இருப்பவை திங்கட்கிழமை வரை உயிரோடு இருக்க வேண்டும். கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டிலும் ஒழுகியது. கைக்கு அகப்பட்ட வாளியில் ஊற்றி வைத்துவிட்டாள்.

சமையல் மேடையில் வில்சன் குடித்த சொம்பு கிடந்தது. பக்கத்தில் கடித்துப் போட்ட வெங்காயமும் உப்புக்கல்லும். சொம்பின் அடியில் தேங்கிய பழுப்புத் துளியில் என்னவோ சுருண்டு நிமிர்ந்தது.

வில்சன் குளித்துவிட்டுப் படுத்திருந்தான். கார் கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் வேலை. தின்னர் நெடியில் அவன் மூக்கு செத்துப்போய் வெகு காலம். கெட்ட மீனையும் மல்லிகையையும் பிரித்தறியாதவன். என் சமையலுக்கென்றே ஆண்டவர் செய்து அனுப்பிய புருஷன் என்று ஷீபா அவனைக் கேலி செய்வாள்.

"இன்னிக்குக் கூழு செம்மையா கீது ஷீபா. வழுவழுன்னு எறங்கிச்சு," என்றான் கண்ணை மூடியபடி.

சொல்லிவிடத்தான் வாய் திறந்தாள். அதற்குள் அவள் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். எழுந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். எழுந்தபோது சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

வண்டலில் என்ன இருக்கிறது என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே நெளிந்து போகும் நூற்புழுக்கள். கடுகு போன்ற ஓட்டுக்குள்ளிருந்து கால் நீட்டி நடப்பவை. அப்புறம், சிவப்புப் புழுக்கள். தலையைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு, மூச்சுக்காக வாலை மட்டும் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தட்டில் வைத்து அவனுக்குக் காட்டியிருக்கிறாள். சிவப்பு வெல்வெட் விரித்த மாதிரி இருந்தது. விளிம்பில் நகத்தால் தட்டினாள். கண் இமைக்குமுன் அத்தனையும் உள்ளே போய் வெறும் சேறு. பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாய் முளைத்தன. வில்சன் குழந்தை மாதிரிச் சிரித்து, இன்னொரு வாட்டி தட்டு, இன்னொரு வாட்டி தட்டு என்று அவளை விடவே இல்லை.

ஏதோ சாக்குச் சொல்லி அவனை ஒரகடத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். வெளியில் ஏதோ சாப்பிட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னாள். டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். மனித வயிற்றின் புளிப்பில் அவை ஒரு நாழிகை தாங்காது என்று படித்ததை, ஜெபம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

முதலில் வெளிச்சம் கூசுகிறது என்று ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான். பிறகு சோற்றைத் தொடவில்லை. அவன் தலையணையிலிருந்து ஏரியின் அடிமட்ட வாசனை, அழுகிய முட்டையும் ஈரத்துணியும் கலந்த அந்தக் கறுத்த நாற்றம், கிளம்பி வீடெங்கும் நிறைந்தது. உறையைத் துவைத்தாள். பக்கெட்டின் அடியில் மைய அரைத்த மாதிரி வண்டல் படிந்திருந்தது. முத்தமிட அவன் நெருங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; அதற்காக அழவும் செய்தாள்.

கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்து அடித்துப் போய்விட்டது. வில்சன் பின்பக்கக் குளியலறையின் சிமெண்ட் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்காரம்மா சூசையம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு போன பொறப்புல எருமையா? தொட்டிய வுட்டு எழுந்துக்கவே மாட்டேங்குறாரு."

அவனைக் கெஞ்சி வெளியேற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவப் போனாள். போர்வெல் தண்ணீர்தான் பிடித்து வைத்திருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். இப்போது கையை விட்டால் அடியில் கொழகொழவென்று கறுப்புச் சேறு, மணிக்கட்டு புதையும் ஆழம். எங்கிருந்து வந்தது? இழுத்த கையோடு புரிந்தது. சேறு வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக் கரண்ட் போனது. இனி மறைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லி எப்படியாவது அவனை மீட்டுவிட வேண்டும். ஆனால் முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். ஃபோன் வெளிச்சத்தைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி குளியலறைக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் அசைந்தது. மறுபடியும் உள்ளே இருந்தான்.

"என்னாங்க. அன்னிக்கு நீங்க குடிச்சது கூழ் இல்ல."

மழைச் சத்தம். ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம்.

"தெரியும்," என்றான் இருட்டிலிருந்து. நாக்கு தடித்த குரல். "குடிக்கிறப்பவே தெரியும். வாயில அசைஞ்சுது."

"அப்புறம் ஏங்க…"

"நல்லா இருந்துது. மிச்சம் எதுனா கீதா?"

வெளிச்சத்தை உயர்த்தினாள்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. பல் தெரியவில்லை. நாக்கு தெரியவில்லை. உதட்டிலிருந்து உதடு வரை சிவப்பு வெல்வெட். மெதுவாக ஆடியது. எல்லாம் ஒரே பக்கமாக. காற்றில்லாத அறையில்.

பிடிமானத்துக்குக் கை நீட்டினாள். நகம் தொட்டி விளிம்பில் பட்டது.

டக்.

மறைந்தது. அத்தனையும். வெள்ளைப் பல். சுத்தமான ஈறு. அவளுடைய வில்சனின் பழைய சிரிப்பு.

பிறகு ஈறிலிருந்து ஒன்று. கண்ணின் ஓரத்தில் ஒன்று. நகக்கண்களில். காதுமடலில். ஒவ்வொன்றாக.

"இன்னொரு வாட்டி தட்டு," என்றான் வில்சன், குழந்தை மாதிரி.