எண்பத்து மூன்றாவது தலை!

டெலிபோன் அலறியது.

காலை ஏழு நாற்பது. பல் துலக்கிக்கொண்டிருந்த டிடெக்டிவ் மார்லிஸ் டெஷ், வாயில் நுரையோடு ரிசீவரை எடுத்தாள்.

"மார்லிஸ்! நான் லொரேன்... சிட்டி ஹால்லேர்ந்து..."

நகரசபை எழுத்தர் லொரேன். முப்பது வருஷ சர்வீஸில் குரலை ஒருமுறைகூட உயர்த்தாதவள். இன்று அந்தக் குரல் கிழிந்திருந்தது.

"என்னாச்சு?"

"க்விஸ்ட்... மேப் ரூம்ல... மேஜை மேல கவுந்து கிடக்கார்... ஐயோ, மேப் பூரா ரத்தம்!"

"எதையும் தொடாத! வெளில வந்து கதவைச் சாத்து!"

வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடினாள் மார்லிஸ்.

நவம்பர் மாதத்து விஸ்கான்சின். தெரு முழுக்க நரைத்த வெளிச்சம். ஜெயில் மதிலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, நாலே நிமிஷத்தில் கார்வர் மில்ஸ் சிட்டி ஹால்.

மேப் ரூம்.

எவரெட் க்விஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் சரிந்திருந்தார். எழுபத்தொரு வயது. ரிட்டையர்டான சர்வேயர். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. சுவரில் அழகுக்காக மாட்டியிருந்த அவருடைய பழைய பித்தளைத் தூக்குக்குண்டு, இப்போது தரையில் கிடந்தது.

துடைக்கப்பட்டுப் பளபளவென்று!

"அவர் கணக்கு நோட்டு எங்கே லொரேன்?"

"எப்பவும் சட்டைப் பையில இருக்குமே..."

பையைப் பார்த்தாள் மார்லிஸ்.

காலி!

திங்கட்கிழமைதான் அந்த நோட்டோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார் மனிதர்.

"வீட்ல எத்தனை பேர்?"

"ஒண்ணு."

"நிச்சயமா?"

"வேணும்னா கட்டிலுக்கடியில பாருங்க. புருஷன்னு ஒருத்தன் இருந்தான். போன வருஷம் மில்வாக்கிக்கு ஓடிட்டான்."

நிஜமாகவே தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். "தப்பா நினைக்காதே மார்லிஸ். நான் பேரை எண்ணறதில்ல... தலையை எண்ணறேன்."

அவ்வளவு கறாரான ஆள்!

கறார் தேவைப்பட்டது. கார்வர் மில்ஸில் நாலு வார்டு. ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரத்து நானூறு பேர். காகிதத்தில் எல்லாம் சமம். ஆனால் இரண்டாம் வார்டில் ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் ஜெயில் மதிலுக்குள் இருந்தார்கள். கைதிகளுக்கு ஓட்டு கிடையாது! மதிலுக்கு வெளியே மிச்சம், எண்பத்து மூன்று பேர்.

மற்ற வார்டுகளில் ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு கவுன்சிலர். இங்கே எண்பத்து மூன்று பேருக்கே ஒரு கவுன்சிலர்!

ஊர் கொதித்தது. மனு போட்டது. வார்டு எல்லைகளை மாற்றி வரைய க்விஸ்ட்டைக் கூப்பிட்டார்கள். வரும் திங்கட்கிழமை புது மேப் சபைக்கு வர வேண்டும்.

வந்தால் ஒரே ஒருவருக்குத்தான் நாற்காலி பறிபோகும்.

"ரூடி கோல்பெக்!" லொரேன் மூக்கைச் சிந்தினாள். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கத்தினார். 'என் வார்டு மேல கோடு போட்டா, உன் மேல நான் கோடு போடுவேன்'னு!"

"நேத்து கடைசியா க்விஸ்ட்டை எப்போ பார்த்தே?"

"அஞ்சு மணிக்குக் கிளம்பறப்போ. 'ஒரே ஒரு வீடு பாக்கி, முடிச்சுட்டுப் போறேன்'னார். பக்கவாட்டுக் கதவைப் பூட்டாம விட்டுட்டுப் போனேன்..."

அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

ரூடி கோல்பெக் தன் டயர் கடையில், ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது பூட்ஸ் மட்டும்.

"வெளியே வாங்க ரூடி."

"டயர் மாத்தணும்னா வரிசைல நில்லு."

"க்விஸ்ட் செத்துட்டார். யாரோ கொன்னுட்டாங்க."

பூட்ஸ் அசையவில்லை. பிறகு மெல்ல முழு மனிதரும் வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ். அதற்கடியில் சுத்தமான பயம்.

"நான் இல்ல!"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"ஊரே கேக்கப் போகுது! நான் கத்தினேன், ஒத்துக்கறேன். கத்தறதுக்குத்தானே என்னை கவுன்சிலரா வெச்சிருக்காங்க? நேத்து சாயங்காலம் நாலரைலேர்ந்து எட்டு வரைக்கும் பௌலிங் கூடத்துல இருந்தேன். முப்பது பேர் பார்த்தாங்க. மூணு தடவை பந்தை ஓரத்துப் பள்ளத்துல விட்டேன். யாரைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்."

"க்விஸ்ட் உங்ககிட்ட கடைசியா எப்போ பேசினார்?"

கோல்பெக் உதட்டைக் கடித்தார்.

"நேத்து நாலு மணிக்கு. போன்ல."

"என்ன சொன்னார்?"

"'ரூடி, உன் வார்டுல ஒரு தலை குறையுது. அந்தத் தலை ஏப்ரல்ல ஓட்டுப் போட்டிருக்கு'ன்னார். நான் ஜெயிச்சதே ஒன்பதுக்கு எட்டு! ஒரே ஒரு ஓட்டு! மிரட்டறார்னு நினைச்சுக் கெட்ட வார்த்தைல திட்டிட்டு வெச்சுட்டேன்."

"யார் தலைன்னு சொன்னாரா?"

"சொல்லலை. 'முதல்ல அந்த வீட்டுக்காரங்க வாயாலயே கேக்கணும். அதான் மரியாதை. இங்க வரச் சொல்லியிருக்கேன்'னார்."

மார்லிஸ் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

மரியாதை பார்த்தார். மண்டையை உடைத்துவிட்டார்கள்!

மறுபடி சிட்டி ஹால். உடலை எடுத்துப் போயிருந்தார்கள். ரத்தம் காய்ந்த மேப் மட்டும் மேஜையில்.

குனிந்து பார்த்தாள் மார்லிஸ்.

நோட்டு போனால் என்ன? க்விஸ்ட் ஒவ்வொரு வீட்டின் மேலும் பென்சிலால் குட்டியாக ஒரு எண் போட்டிருந்தார்! நாலு... ரெண்டு... அஞ்சு... ஃபெர்ரி தெருவில் அவளுடைய வீடு, ஒண்ணு.

அதற்கு இரண்டு வீடு தள்ளி...

'2' என்று எழுதி, அழித்து, '1' என்று மாற்றி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி!

"லொரேன்... இது ஸ்ட்ராய்க் வீடுதானே?"

"ஆமா. வெர்னாவும் எமிலும். பாவம், எமில் படுத்த படுக்கை. வருஷக்கணக்கா வெளியவே வரல."

"ஏப்ரல்ல ஓட்டுப் போட்டாரா?"

"தபால் ஓட்டு. ஒரு தேர்தல்கூட விடமாட்டார்!"

"அந்த உறையைக் கொண்டு வா."

லொரேன் கொண்டு வந்தாள். உறையின் மேல் எமில் ஸ்ட்ராய்க்கின் கோணல் கையெழுத்து. அதற்குக் கீழே, 'இவர் என் கண்ணெதிரில் வாக்களித்தார்' என்று சாட்சியின் கையெழுத்து.

மார்லிஸ் படித்தாள்.

இன்னொரு முறை படித்தாள்.

'மார்லிஸ் டெஷ்!'

அவளே போட்ட கையெழுத்து! ஏப்ரல் மாதத்து மழை. வாசலில் ஏப்ரனோடு வெர்னா. 'எமில் இப்பத்தான் கண் அசந்தார், கண்ணு. எழுப்ப மனசு வரல. ஒரு கையெழுத்து மட்டும்...' ஜீப்பின் பானட்டில் வைத்து, மழையில் நனையாமல் இருக்க அவசர அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்தாளே!

"மார்லிஸ்? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே?"

உறையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள் மார்லிஸ்.

வெர்னா ஸ்ட்ராய்க்கின் சமையலறையில் காப்பி மணத்தது. எழுபது வயது. வெள்ளைக் கொண்டை. ஜன்னலோரம், கொல்லையில் விளைந்த ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஜூன் மாதமும் மார்லிஸ் வீட்டுக்கும் ஒன்று வரும்.

"உட்காரு கண்ணு. காலைல ஏதாவது சாப்பிட்டியா? முகமே வாடியிருக்கு."

"எமில் எங்கே, வெர்னா?"

"தூங்கறார்."

"எத்தனை நாளா?"

வெர்னா காப்பிக் கெட்டிலை அடுப்பின் மேல் வைத்தாள். சத்தமே வராமல்.

"மூணு வருஷமா, கண்ணு."

மார்லிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்படி?"

"அது ஒரு பிப்ரவரி. சூப்புல உப்பு ஜாஸ்தின்னு மணிக்கட்டை ஒடிச்சார். அது மூணாவது தடவை. கட்டுப் போட்ட கையோட வீட்டுக்கு வந்தேன். 'அடுத்தது கழுத்து'ன்னார். செய்வார்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அவர் தூங்கினப்புறம்... தலையணை போதும்னு ஆயிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கையில மாவுக்கட்டோட ஆறு வாரம் உன் வாசலைக் கடந்து நடந்தேன். 'பனியில வழுக்கிட்டீங்களா'ன்னு கேட்டே. ஆமான்னேன். நீயும் நம்பிட்டே."

அறைந்தது போலிருந்தது மார்லிஸுக்கு.

"எங்கே புதைச்சீங்க?"

"பிப்ரவரில மண்ணு எங்கே வெட்ட விடுது? பாறை! ஏப்ரல் வரைக்கும் காரேஜ்ல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சேன். பனி உருகினப்புறம்... ருபார்ப் பாத்திக்கு அடியில."

மார்லிஸின் பார்வை ஜன்னலோரத்து ஜாம் பாட்டில்களுக்குப் போனது.

"ஓட்டு எதுக்குப் போட்டீங்க?"

"காணாமப் போனவங்களைத்தான் யாராவது தேடுவாங்க. ஓட்டுப் போடறவங்களை யார் தேடுவா?"

"க்விஸ்ட்?"

முதல் முறையாக வெர்னாவின் கண்கள் கலங்கின.

"மூணு தடவை வந்தார். 'எமிலைக் காட்டு, ஒரே ஒரு நிமிஷம்'னார். நேத்து கூப்பிட்டார்... அஞ்சரை மணிக்குப் போனேன். கெஞ்சினேன் மார்லிஸ்! 'ரெண்டுன்னு எழுதிடுங்க. ஒரு எண்ணுதானே'ன்னு. அவர் கோபப்படவே இல்ல. 'வெர்னா, ஆயிரத்து முன்னூறு பேரைப் பொய்யா எண்ணினதை அழிக்கத்தான் உக்காந்திருக்கேன். அதே மேப்ல இன்னொரு பொய்யை எழுதச் சொல்றியா?'ன்னார். சொல்லிட்டுத் திரும்பிப் பென்சிலை எடுத்தார்..."

"அந்தக் குண்டு?"

"கைக்கெட்ற தூரத்துல இருந்துச்சு."

அவள் எழுந்து ரொட்டி டப்பாவைத் திறந்தாள். உள்ளே, நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு.

"அடுப்புல போடப் போனேன். நல்ல மனுஷன் எழுதினது. மனசு வரல."

மார்லிஸ் விலங்கை எடுத்தாள். பழைய எலும்பு முறிவு கோணலாகச் சேர்ந்திருந்த அந்த மெலிந்த மணிக்கட்டில், அதைப் பூட்டினாள்.

மாலை நாலு மணி. ருபார்ப் பாத்தியைச் சுற்றி மஞ்சள் நாடா. முதலில் தார்ப்பாயின் ஒரு மூலை தெரிந்தது. பிறகு மற்றதும் தெரிந்தது. தோண்டியவர்களில் ஒருவன் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தான்.

மார்லிஸ் ஜீப்பில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். 'பொய்ச் சாட்சிக் கையெழுத்து: நான்' என்ற வரியையும் எழுதினாள். பேட்ஜைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். ஷெரீஃப் திருப்பிக் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டாலும் நியாயம்தான்.

லொரேன் போனில் வந்தாள்.

"மார்லிஸ்... திங்கட்கிழமை மேப்பை நானே சபைல வைக்கப் போறேன். அவர் முடிச்ச மாதிரியே. அந்த ஒரு வீட்ல மட்டும்... என்ன எண் போடட்டும்?"

மார்லிஸ் இருண்டு கிடந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.

"பூஜ்யம்."

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ரூடி கோல்பெக். தொப்பி கையில்.

"எமிலா? மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

"அப்போ அந்த ஏப்ரல் ஓட்டு செல்லாது..."

"செல்லாது."

"வெர்னா மவராசி எனக்குத்தானே போட்டிருப்பா? ரெண்டு ஓட்டையுமே?"

"அதையும் சொன்னாங்க. அவங்க ஓட்டு உங்களுக்கு எதிரா. எமில் ஓட்டுதான் உங்களுக்கு. 'உயிரோட இருந்தா ரூடிக்குத்தான் போட்டிருப்பார். அவர் இஷ்டத்தை நான் எதுக்கு மாத்தணும்?'னாங்க."

கோல்பெக் விரல் விட்டு எண்ணினார். முகம் விழுந்தது.

"எட்டுக்கு எட்டு! அப்போ... அப்போ என்னை ஜெயிக்க வெச்சது..."

மார்லிஸ் ஜீப்பை ஸ்டார்ட் செய்தாள்.

"ஆமா ரூடி! அடுத்த தடவை இந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தா, கையில நோட்டீஸோட ஒரு மண்வெட்டியும் எடுத்துட்டு வாங்க!"