எதிர்ச்சுற்று

விளக்கை ஏற்றவில்லை. தேவானைக்கு அது நிச்சயம். ஸ்பிரிட் புட்டி மூடியோடு மாடத்தில் இருந்தது, திரி காய்ந்து கிடந்தது. ஆனாலும் பட்டறை மேசை மேல் அந்தச் சின்ன இஞ்சினின் பித்தளைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

1936-ஆம் வருஷத்துக் கத்திரி வெயில். மந்தைவெளியின் ஓட்டு வீடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு வாங்கும் பிற்பகல். சூடான ஓட்டின் வாசனையும், எண்ணெய்த் துணியின் வாடையும், வாய்க்கால் பக்கமிருந்து வரும் சேற்று நாற்றமும் பட்டறைக்குள் கலந்து நின்றன. அந்த அமைதிக்கு நடுவே டிக், டிக் என்று பிஸ்டன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பட்டறை அவள் புருஷன் வடிவேலுவுடையது. அவன் செத்து நாலு வருஷம் ஆகிறது. பொம்பளை கையில் அரமா என்று தெரு பேசியது. பேசட்டும் என்று அவள் அரத்தை எடுத்தாள். இப்போது அடையாற்றுப் பங்களாக்களில் பழுதாகும் பொம்மை நீராவி இஞ்சின்கள் அவளைத் தேடி வந்தன.

மேசை மேல் ஓடும் இதைக் கொண்டுவந்தவன் பழைய சாமான் வியாபாரி ஷஃபியுல்லா. மூன்று நாளாகிறது.

"நாலு பேராண்ட காட்டிட்டேன்க்கா. ஒருத்தனும் தொட மாட்டேங்கறான்."

"ஏன், இன்னாவாம்?"

"கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. வேணான்னா சொல்லு, கூவத்துல போட்டுட்டுப் போறேன்."

"வெச்சுட்டுப் போ. நான் தொடறேன்."

இதில் நீராவி கிடையாது. மூடிய சிலிண்டருக்குள் வெறும் காற்றுதான். ஒரு முனையை விளக்கு சுட வேண்டும், மறுமுனை குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிற சூடு, போகிற போக்கில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். தேவானை துருவைச் சுரண்டினாள், புது ஆணி கடைந்து போட்டாள், இன்று காலைதான் எல்லாவற்றையும் பூட்டினாள்.

வெயில் பட்டு ஓடுகிறது என்று நினைத்துச் சன்னலைச் சாத்தினாள். சக்கரம் நிற்கவில்லை. விளக்கு சுட வேண்டிய முனையைத் தொட்டாள். கிணற்றுக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. மறுமுனையில் கை பட்டதும் பொசுக்கென்று இழுத்துக்கொண்டாள். கொதித்தது.

எந்த இஞ்சினும் இப்படி ஓடாது.

சில்லிட்ட முனை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அப்போதுதான் கவனித்தாள். உள்ளறையின் வாசலை. அங்கே பாயில் அவளுடைய ஒன்பது வயது மகள் வசந்தி நாலு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். காலையில் அந்த நெற்றி தணலாகச் சுட்டது.

"அம்மா," என்றது உள்ளிருந்து குரல். "குளுருது."

ஓடினாள். காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு கழுத்தைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள். எங்கும் சூடே இல்லை. அனலடிக்கும் அந்த அறையில் பெண்ணின் உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே டிக் டிக் சத்தம் வேகமெடுத்தது.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்குப் போனாள். வாசற்படியைத் தாண்டியும் சத்தம் குறையவில்லை. இன்னும் வேகமாயிற்று. தோளில் கிடந்த உடம்பு கனத்தது.

திரும்பி வந்தாள். மகளைப் பாயில் கிடத்திக் கம்பளியால் மூடினாள். சுத்தியலை எடுத்து, முதல் அடியை இஞ்சினின் பீடத்தில் இறக்கினாள். உள்ளே வசந்தி, விலாவில் உதைபட்டவள் போல் முனகினாள்.

சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அப்படியா சேதி," என்றாள் மெதுவாக. "எம்புள்ளை மேல கை வெச்சுக்கினு நீ ஓடுவே, நான் பாத்துக்கினு இருப்பேனா?"

கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே வசந்தியின் நடுக்கம் நின்றது. ஆனால் போன சூடு வரவில்லை. அது இங்கேதான் இருந்தது, கொதிக்கிற அந்த முனையில்.

இந்த வகை இஞ்சினைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றினால் சூடு வந்த வழியே திரும்பிப் போகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. போன வருஷம் ஒன்றைப் பழுது பார்க்கும்போது தன் விரல் நுனியிலேயே கண்டுகொண்டது.

சுற்றினாள்.

முதல் சுற்று கல்லை அரைப்பது போலிருந்தது. இரண்டாவதில் மணிக்கட்டு நெரிந்தது. பத்து. இருபது. உள்ளங்கை தோல் உரிந்து பித்தளையில் ஒட்டியது. விடவில்லை. கொதித்த முனை ஆறத் தொடங்கியது. வெளியே வெயில் சாய்ந்து, கபாலி கோயில் மணி காற்றில் வந்து போனது. அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

"அம்மா, தண்ணி குடும்மா."

தெளிவான குரல். உயிருள்ள குரல்.

"இதோ வரேன் கண்ணு. எழுந்துக்காத."

கொதித்த முனையில் சூடு தீர்ந்துவிட்டது. சுற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை. கையை எடுக்கப் பார்த்தாள். எடுத்த நொடியே சக்கரம் பழைய பக்கம் துள்ளியது. உள்ளே பெண்ணுக்கு மூச்சுத் திணறியது.

மறுபடி பிடித்தாள். சுற்றினாள்.

இப்போது சூடு அவளிடமிருந்து போனது. விரல்கள் முதலில். பிறகு முழங்கை. தோள். போகட்டும். எவ்வளவு வேண்டுமோ போகட்டும். அது போகிற இடம் அவளுக்குத் தெரியும். கத்திரி வெயில் மாதத்தில் அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது. பித்தளைச் சக்கரம் பனி பூத்து மங்கியது. அதில் அவளுடைய நாலு விரல் தடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

இஞ்சின் இழுக்கிற இழுப்பு இல்லை இது. இஞ்சின் ஒரே சீராக இழுக்கும். இது விட்டு விட்டு இழுத்தது. மூச்சுப் பிடித்து. பிடி மாற்றி.

சக்கரத்தின் மறுபக்கம் பார்த்தாள்.

மேசைக்கு அந்தப்புறம் யாரும் இல்லை. வெறும் சுவர்.

பனி மூடிய பித்தளையில் ஒரு தடம் விழுந்தது. விரல் நுனி அளவு. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது. நாலாவது. அவள் விரல்களை விட நீளமானவை.

"இழு," என்றாள் தேவானை. பல் கிட்டியிருந்தது. "நீயும் இழு. பாக்கலாம்."

அவள் சுற்றினாள். தடங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி, சக்கரத்தின் விளிம்போடு அவள் கையை நோக்கி நகர்ந்து வந்தன.