இதோ வரேன்

நவம்பர் 12. சிறு தவறு ஒன்று. காலியாக இருந்த ஏழாம் கட்டிலின் அழைப்பு மணி அடித்தது. பழக்கதோஷத்தில் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாலை நேர எழுத்து வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்ததால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நர்ஸ் இதை எழுதினாள். மணி பழுதாகியிருக்கும். இல்லை, தன் காதுதான் பழுதோ என்னவோ. பினாயில் நெடியும் மழை ஈரமும் கலந்து கிடந்த வார்டில், இருமல்களுக்கும் முனகல்களுக்கும் நடுவே சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்த அந்த வெள்ளை விரிப்பைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

போன வாரம் அதில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அன்று இரவு வார்டு முழுக்க நர்ஸ் என்று இவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரி மேலாளருக்குப் போன் செய்தாள்.

"இன்னொரு ஆள் அனுப்புங்க சார். தாங்கல."

"கூப்பிட்டா ஓடணுமா? 'இதோ வரேன்'னு ஒரு குரல் குடும்மா. பாதிப் பேர் தூங்கிடுவாங்க."

ஏழாம் கட்டிலின் மணி அடித்தபோதெல்லாம் குரல் கொடுத்தாள். மறுபடி மறுபடி. வேறொரு கட்டில் நோயாளிக்கு ரத்தப்போக்கு நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, டீச்சரம்மாவின் கண்கள் வாசலிலேயே நிலைகுத்தியிருந்தன. கட்டைவிரல் மட்டும் மணியை விடவில்லை.

இன்று அந்தி சாயும் நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலாளரே வந்து சேர்ந்தார்.

"ஏழுதான் காலி," என்றாள் ஆயா, வண்டியைத் தள்ளிக்கொண்டே. "ஆளைக் குறைச்சு மிச்சம் பிடிச்ச மகராசன். படுத்துத்தான் பாக்கட்டுமே."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பே அவளைப் பயமுறுத்தியது.

மருந்து கொடுத்த டாக்டர், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். இருட்டியது. ஏழாம் கட்டிலின் மணி அடித்தது.

எழப் போனாள். அதற்குள் வார்டிலிருந்து பதில் வந்தது.

"இதோ வரேன், சார்."

அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், அமுக்கி அமுக்கி மேலாளரின் விரல் வெளுத்திருந்தது. கட்டில் விளிம்பில் யாரோ. விரிப்பு போர்த்திய முதுகு. பெற்ற தாயைப் போல அவர் நெற்றியைத் தடவும் கை. அதில் கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை.

மணி.

"இதோ வரேன்."

மணி.

"இதோ..."

ஓட வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது. ஓடினால் பிழைத்துவிடுவார்.

கட்டில் விளிம்பிலிருந்த தலை மெல்லத் திரும்பியது. இப்போது டீச்சரம்மாவின் குரல்.

"நீ உக்காரும்மா. இன்னொரு ஆள் கேட்டியே."

நர்ஸ் உட்கார்ந்தாள்.

மணி நின்றது. பேனாவை எடுத்தாள்.

நாளை: ஏழாம் கட்டிலின் விரிப்பை மாற்ற வேண்டும்.